அக்கவுண்ட்ஸ் உதவியாளர் சம்பளம்: இப்போது எவ்வளவு வருகிறது, அதை எந்த வரிசையில் உயர்த்துவது

பி.காம் முடித்து, டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்) தெரியும் என்று சொல்லி வேலைக்குச் சேர்ந்து, மூன்று வருடம் கழித்தும் அதே பர்ச்சேஸ் பில்லை என்ட்ரி போட்டுக்கொண்டு, "சம்பளம் ஏறவே மாட்டேங்குதுண்ணா" என்று வந்து நிற்கும் தம்பி தங்கைகளை அடிக்கடி பார்க்கிறேன். கோவையில் இந்த வேலையில் இருப்பவன் நான், புதிதாக வருபவர்களுக்கு வேலை பழக்கியும் விட்டிருக்கிறேன். அவர்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். கேட்கும் வரிசை தப்பாக இருக்கும். முதலில் போய் சம்பளம் கேட்பார்கள், மறுத்ததும் ஏதோ ஒரு கோர்ஸில் சேருவார்கள், அப்புறம் வேறு இடம் பார்ப்பார்கள். அங்கேயும் அதே என்ட்ரி வேலைதான் கிடைக்கும்.

எங்கள் வேலையில் சம்பளத்தைத் தீர்மானிப்பது, மாதத்தின் எந்தத் தேதி உங்கள் பொறுப்பில் இருக்கிறது என்பதுதான். ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்யும் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் உங்களை நம்பி நடக்கிறது என்றால் பேச இடம் இருக்கிறது. பில்லை வாங்கி என்ட்ரி போட்டுக் கொடுப்பதோடு உங்கள் வேலை முடிந்துவிட்டால், உங்கள் இடத்தில் யாரும் உட்காரலாம் என்று முதலாளிக்குத் தெரியும். கீழே உள்ள வரிசை அதை மனதில் வைத்துப் போட்டது, நடுவில் எதையும் தாண்டிப் போகாதீர்கள்.

1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, சம்பளம் வரவான வங்கிக் கணக்கின் ஸ்டேட்மென்ட், உங்கள் யுஏஎன் (பிஎஃப் கணக்கு அடையாள) எண்ணைப் போட்டு எடுத்த பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பாஸ்புக், வேலையில் சேர்ந்தபோது கொடுத்த நியமனக் கடிதம், இவை நான்கும் வேண்டும். கூடவே ஒரு நூறு பக்க நோட்டு.

சம்பளச் சீட்டே தரமாட்டார்கள், கையில்தான் பணம் கொடுப்பார்கள் என்றால் இப்போதே ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த மாதத்திலிருந்து வங்கியில் போடச் சொல்லிக் கேளுங்கள். சம்பள உயர்வு பற்றி இப்போது பேச வேண்டாம், இது மட்டும் போதும். நாளைக்கு வேறு இடத்தில் "இவ்வளவு வாங்கினேன்" என்று சொல்ல உங்களிடம் இருக்கப்போகும் ஒரே சான்று அந்த வங்கி வரவுதான்.

பிஎஃப் பாஸ்புக்கை எதற்கு எடுக்கச் சொல்கிறேன் என்றால், சீட்டில் பிடித்ததாகக் காட்டிய தொகை அங்கே கட்டப்படாமல் இருப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மாதத்துக்கு ஒரு பதிவு வந்திருக்க வேண்டும். விட்டுப்போன மாதம் இருந்தால் நோட்டில் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

2. உங்கள் சம்பளத்தை மூன்று தொகையாகப் பிரியுங்கள்

ஊருக்கெல்லாம் சம்பளக் கணக்கு போடும் நாம் நம் சம்பளத்தைக் கணக்குப் போடுவதில்லை. வேலைக்குப் புதிதாக வந்த ஒரு தங்கை, வேறு இடத்தில் 22,000 தருகிறார்கள் என்று இங்கே 20,000 வாங்கிக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டுப் போனாள். அங்கே சொன்னது சிடிசி (முதலாளிக்கு ஆகும் மொத்தச் செலவு), இங்கே வாங்கியது கிராஸ் (பிடித்தங்களுக்கு முந்தைய சம்பளம்). மாத முடிவில் கைக்கு வந்தது முன்பு வந்ததைவிட ஒரு பைசா கூடுதல் இல்லை.

கிராஸ் 20,000 ரூபாய் என்று எடுத்துக்கொள்வோம். அதில் பேசிக்கும் (அடிப்படைச் சம்பளம்) டிஏவும் (அகவிலைப்படி) சேர்த்து 12,000, வீட்டு வாடகைப்படி 6,000, போக்குவரத்துப்படி 2,000. உங்களிடம் பிடிக்கும் பிஎஃப் 12,000இல் 12 சதவீதம், அதாவது 1,440. இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கிராஸில் 0.75 சதவீதம், 150. கைக்கு வருவது 18,410. தொழில்வரி இருந்தால் உள்ளாட்சி அமைப்பு அரையாண்டுக்கு ஒருமுறை வாங்கும், அதைத் தனியாக வையுங்கள்.

இப்போது முதலாளி பக்கம். அவர் பிஎஃப் 12 சதவீதமும், காப்பீடு மற்றும் நிர்வாகக் கட்டணமாக இன்னொரு 1 சதவீதமும் கட்டுகிறார், 1,560. இஎஸ்ஐ 3.25 சதவீதம், 650. ஆக உங்களுக்காக அவர் கையிலிருந்து போவது 22,210. அந்தத் தங்கைக்குச் சொன்ன 22,000 இந்தக் கடைசித் தொகைதான்.

மூன்று எண்ணையும் நோட்டில் எழுதுங்கள்: கைக்கு வருவது, கிராஸ், முதலாளிக்கு ஆகும் செலவு. இனி யாரிடம் பேசினாலும் கிராஸில் பேசுங்கள். மற்ற இரண்டும் பிடித்தத்தைப் பொறுத்து மாறும், ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தப்பு ஒன்று. "எனக்கு பிஎஃப் வேண்டாம், முழுசா கையில் கொடுங்க" என்று கேட்பது. மாதம் 1,440 கூடுதலாகக் கைக்கு வருவது மட்டும் கண்ணில் படுகிறது, முதலாளி தன் பங்காகக் கட்ட வேண்டிய 1,440ஐ நாமே வேண்டாம் என்று தள்ளிவிடுவது படுவதில்லை. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமாக இருந்தால் அவர் அதைக் கட்டியே ஆக வேண்டும், நீங்கள் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

3. 21,000 என்ற கோட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதை நான் தனித் தலைப்பாக வைப்பதற்குக் காரணம், சம்பளம் ஏறியும் நஷ்டப்பட்ட குடும்பங்களைப் பார்த்தது. இஎஸ்ஐக்கு கிராஸ் சம்பள வரம்பு மாதம் 21,000 ரூபாய். 20,500 வாங்குபவருக்கு 1,000 ஏற்றி 21,500 ஆக்கினால் அவர் வெளியே வந்துவிடுகிறார். உடனே வருவதில்லை, ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று இரண்டு காலம் இருக்கிறது, நடுவில் ஏறினால் அந்தக் காலம் முடியும்வரை பிடித்தம் தொடரும், அதற்கான பலன் காலம் முடியும்வரை சிகிச்சையும் கிடைக்கும். அதன் பிறகு மனைவியின் பிரசவம், அப்பாவின் டயாலிசிஸ் எல்லாம் உங்கள் சொந்தச் செலவு.

அதனால் ஒன்று, 21,000க்குள் நில்லுங்கள். இல்லையென்றால் தாண்டும்போது நன்றாகத் தாண்டுங்கள், கூடவே மருத்துவக் காப்பீட்டையும் கேட்டு வாங்குங்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. 20,500 சம்பளத்துக்கு முதலாளி மாதம் சுமார் 666 ரூபாய் இஎஸ்ஐ கட்டிக்கொண்டிருந்தார், நீங்கள் வெளியே வந்ததும் அது அவருக்கு மிச்சம். வருடத்துக்கு ஏறக்குறைய 8,000 ரூபாய். அந்தப் பணத்தைக் குடும்பத்துக்கான காப்பீட்டுப் பிரீமியமாக மாற்றித் தரச் சொல்லலாம். நான் பழக்கிவிட்ட ஒரு பையன் இதே கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினான், அவனுடைய முதலாளி மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்.

4. ஒரு மாதம் வேலை டைரி எழுதுங்கள்

நோட்டில் நாள்தோறும் செய்த வேலையை எழுதி, பக்கத்தில் ஒரு எழுத்து போடுங்கள். யாரோ கொடுத்ததை அப்படியே ஏற்றினால் "ஏ". சரிபார்த்தால் "ச". நீங்கள் செய்யாவிட்டால் அபராதமோ நஷ்டமோ வரும் என்ற வேலை என்றால் "பொ", பொறுப்பு.

ஒரு நாள் பக்கம் இப்படி இருக்கும்: பர்ச்சேஸ் பில் 42, ஏ. பெட்டி கேஷ் டேலி பண்ணியது, ச. பேங்க் ஸ்டேட்மென்ட் டவுன்லோட், ஏ. லாரி வாடகை பேமென்ட் வவுச்சர் 6, ஏ. இ-வே பில் (சரக்கோடு போகும் ஆவணம்) 3, பொ.

மாதக் கடைசியில் எண்ணிப் பாருங்கள். "ஏ" முக்கால்வாசி இருந்தால் இப்போது சம்பளம் கேட்கப் போகாதீர்கள், கேட்டால் ஐந்நூறோ ஆயிரமோ கொடுத்து ஒரு வருடத்துக்கு வாயை அடைத்துவிடுவார்கள். முதல் வேலையில் எனக்கு அதுதான் நடந்தது. நான்கு வருடம் ஒரு உதிரிபாக நிறுவனத்தில் பர்ச்சேஸ் மட்டுமே பார்த்தேன், வருடம் ஏற ஏற சம்பளம் தானாக ஏறும் என்று நம்பினேன். பிறகு வந்த ஒருவர் ஆறே மாதத்தில் ரிட்டர்ன் (வரிக் கணக்குத் தாக்கல்) வேலையை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனபோதுதான் புரிந்தது.

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் நான் நேரில் பார்த்த தொகைகளைச் சொல்கிறேன். என்ட்ரி மட்டும் தெரிந்து புதிதாக வருபவருக்கு 12,000 முதல் 15,000. ஜிஎஸ்டி, டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) ரிட்டர்னைத் தானே தயார் செய்பவருக்கு 18,000 முதல் 25,000. மாதக் கணக்கை முடித்து ஆடிட்டர் கையில் டிரையல் பேலன்ஸை (எல்லாக் கணக்குகளின் இருப்புப் பட்டியல்) கொடுக்கத் தெரிந்தவர் 30,000ஐத் தாண்டிவிடுகிறார். ஒப்பிட்டுப் பார்க்க அரசு வேலை ஒன்றையும் சொல்லலாம்: தமிழ்நாடு அரசின் இளநிலை உதவியாளருக்கு அடிப்படைச் சம்பளமே 19,500இல் தொடங்குகிறது, அகவிலைப்படி அதற்கு மேல்.

5. கற்றுக்கொள்ளும் வரிசை

இதுதான் முக்கியமான பகுதி. ஆசைப்பட்டு நேராக ஜிஎஸ்டி கோர்ஸுக்கு ஓடாதீர்கள், கீழே உள்ள ஐந்தையும் இதே வரிசையில், நீங்கள் உட்கார்ந்திருக்கும் அலுவலகத்தின் சொந்தக் கணக்கிலேயே பழகுங்கள்.

முதலில் வங்கிக் கணக்கு ஒப்பீடு, நாம் பிஆர்எஸ் என்போமே அது. இதை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், பணம் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பது இதில்தான் தெரியும், மற்ற எல்லாம் இதன் மேல் நிற்கிறது. வங்கிக் கட்டணம் 4,720 ரூபாய் என்று ஸ்டேட்மென்டில் ஒரு வரி இருக்கும். புதிதாக வருபவர் டேலியில் பேமென்ட்டுக்கான எஃப்5ஐ அழுத்தி 4,720ஐயும் வங்கிச் செலவில் போட்டுவிடுவார். உண்மையில் அது 4,000 கட்டணம், 720 ஜிஎஸ்டி. வங்கியிடம் நம் ஜிஎஸ்டி எண் சரியாகப் பதிவாகியிருந்தால் அந்த 720 நமக்கு வரவாக எடுத்துக்கொள்ளக்கூடிய வரி. நிறைய பரிவர்த்தனை இருக்கும் நிறுவனத்தில் இப்படியே வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் போகும். இந்த ஒரு வரியைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள், உங்களைப் பார்க்கும் பார்வையே மாறும்.

இரண்டாவது, 2பி ஒப்பீடு. மாதம் 14ஆம் தேதி ஜிஎஸ்டி போர்டலில் ஜிஎஸ்டிஆர்-2பி (நாம் எடுக்கக்கூடிய வரியின் பட்டியல்) வரும். சப்ளையர் தன் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1இல் நம் பில்லைக் காட்டியிருந்தால்தான் அது இதில் இருக்கும், இதில் இருந்தால்தான் அந்த வரியை நாம் எடுக்க முடியும். 2,00,000 ரூபாய்க்கு மெஷின் பாகம் வாங்கினோம், 18 சதவீதம் வரி 36,000, அந்த பில் 2பியில் இல்லை என்றால் 20ஆம் தேதி 3பி (வரி கட்டும் மாதக் கணக்கு) போடும்போது அந்த 36,000ஐ நம் கையிலிருந்து ரொக்கமாகக் கட்ட வேண்டும். சம்பளம் கேட்கும் நாளில் காட்ட இதைவிடப் பெரிய ஆயுதம் எனக்குத் தெரிந்து இல்லை.

புதியவர்கள் இங்கே பில் நம்பரை வைத்து எக்செலில் வி-லுக்கப் (தேடிப் பொருத்தும் சூத்திரம்) போட்டு, பாதி பொருந்தவில்லை என்று பயந்துவிடுவார்கள். நம் என்ட்ரியில் "23" என்று இருக்கும், சப்ளையர் "023/25-26" என்று காட்டியிருப்பார். அதனால் முதலில் ஜிஎஸ்டி எண்ணையும் வரிக்கு முந்தைய மதிப்பையும் சேர்த்து ஒரே அடையாளமாக்கிப் பொருத்துங்கள். அதில் பெரும்பகுதி அடங்கிவிடும். மீதியை மட்டும் பில் நம்பரில் பாருங்கள். அப்படியும் மிஞ்சுவதை மூன்றாகப் பிரிக்கலாம்: நாம் தப்பாக ஏற்றியது, சப்ளையர் காட்டாதது, சிஜிஎஸ்டி எஸ்ஜிஎஸ்டி (மாநிலத்துக்குள் வரி) போட வேண்டிய இடத்தில் ஐஜிஎஸ்டி (வெளிமாநில வரி) விழுந்தது. சப்ளையர் காட்டாத பட்டியலை அன்றே அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, போனும் செய்துவிடுங்கள். 19ஆம் தேதி சாயந்திரம் கூப்பிட்டு ஒரு பயனும் இல்லை. 2024 அக்டோபர் முதல் ஐஎம்எஸ் என்ற பக்கமும் போர்டலில் இருக்கிறது, நமக்குச் சம்பந்தமில்லாத பில்லை அங்கே நிராகரிக்கலாம், சந்தேகமானதை நிறுத்தி வைக்கலாம். எதுவும் செய்யாமல் விட்டால் ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்ளப்படும் என்பதை மறக்காதீர்கள்.

சப்ளையருக்குப் பணம் கொடுக்காமல் 180 நாள் தாண்டினால் எடுத்த வரியைத் திருப்ப வேண்டும். பாக்கிப் பட்டியலில் அந்த நாள் எண்ணிக்கைக்கு ஒரு நெடுவரிசை சேர்த்து வையுங்கள்.

மூன்றாவது டிடிஎஸ். ஒப்பந்தக்காரருக்கு ஒரே பில் 30,000ஐத் தாண்டினாலோ வருடத்தில் மொத்தம் 1,00,000ஐத் தாண்டினாலோ பிடிக்க வேண்டும், தனிநபருக்கு 1 சதவீதம், கம்பெனி, கூட்டு நிறுவனங்களுக்கு 2 சதவீதம். இதில் எல்லோரும் விழும் குழி இரண்டாவது வரம்பு. மாதம் 12,000 வாங்கும் பெயின்டருக்குப் பிடிக்கவே மாட்டார்கள், எட்டு மாதம் வரை சரி, ஒன்பதாவது மாதம் 1,08,000 ஆகிவிடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆடிட்டில்தான் வெளியே வரும். பிடிக்காமல் விட்டால் அந்தச் செலவில் 30 சதவீதத்தை வருமான வரிக் கணக்கில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஜிஎஸ்டி தனியாகக் காட்டியிருக்கும் பில்லில் வரியை நீக்கிவிட்டுத்தான் டிடிஎஸ் பிடிக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான்காவது சம்பளப் பட்டியல், அதோடு பிஎஃப், இஎஸ்ஐ. மேலே உங்கள் சம்பளத்துக்குப் போட்ட கணக்கையே எல்லோருக்கும் போடுவதுதான், அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரகசியம் காக்கத் தெரிய வேண்டும். அதுவே இந்த வேலைக்குப் பெரிய தகுதி.

ஐந்தாவது மாதக் கணக்கு முடிப்பது. கொடுக்க வேண்டிய செலவுகளுக்கு ஜர்னல், இருப்புச் சரக்கு மதிப்பு, தேய்மானம், வாடிக்கையாளர் பாக்கியை 30, 60, 90 நாள் என்று பிரிப்பது. சிறு குறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பாக்கியைத் தனியாகப் பட்டியல் போடுங்கள், எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள், இருந்தால் அதிகபட்சம் 45 நாள், அதைத் தாண்டி வருடக் கடைசியில் நிற்கும் தொகையை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது. மார்ச் முதல் வாரத்திலேயே இந்தப் பட்டியலை முதலாளி மேஜையில் வைப்பவரை எந்த நிறுவனமும் எளிதில் விடாது.

இந்த ஐந்தும் ஆறு மாதத்தில் வந்துவிடாது. வேலையோடு சேர்த்துப் பழக ஒன்றரை வருடம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று முழுதாக உங்கள் கைக்கு வந்த பிறகு அடுத்தது.

6. தேதிகளைக் கேட்டு வாங்குங்கள்

கற்றுக்கொண்டதும் சம்பளம் கேட்காதீர்கள், முதலில் தேதியைக் கேளுங்கள். "சார், இந்த மாசம் ஜிஎஸ்டிஆர்-1 நானே தயார் பண்ணித் தரேன், நீங்க பார்த்துட்டு ஃபைல் பண்ணுங்க" என்றால் சீனியர் பெரும்பாலும் சந்தோஷமாகவே கொடுப்பார், அவருக்கும் சுமை குறைகிறது. மாதம் 7 டிடிஎஸ் கட்ட, 11 ஜிஎஸ்டிஆர்-1, 15 பிஎஃப் இஎஸ்ஐ, 20 ஜிஎஸ்டிஆர்-3பி. காலாண்டு முறையில் இருக்கும் சிறிய நிறுவனங்களுக்கு ஜிஎஸ்டி தேதிகள் மாறும்.

ஒவ்வொரு தேதிக்கும் நோட்டில் ஒரு வரி: எப்போது தயாரானது, எப்போது கட்டியது, ஒப்புகை எண். 3பி தாமதித்தால் நாளுக்கு 50 ரூபாய், கட்டாத வரிக்கு வருடம் 18 சதவீத வட்டி. டிடிஎஸ் ரிட்டர்ன் தாமதித்தால் நாளுக்கு 200, நாற்பத்தைந்து நாள் விட்டால் 9,000. போன வருடம் உங்கள் நிறுவனம் லேட் ஃபீ, வட்டி என்று எவ்வளவு கட்டியது என்பது லெட்ஜரிலேயே இருக்கிறது. அந்த எண்ணையும், நீங்கள் எடுத்த பிறகு உள்ள எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். 2பியில் துரத்தி வாங்கிய வரியையும் மாதவாரியாகச் சேருங்கள்.

7. எந்த இடத்தில் இருந்தால் ஏறும்

ஆடிட்டர் ஆபீஸில் ஆரம்பச் சம்பளம் குறைவு, வேலை மிக அதிகம். ஆனாலும் இரண்டு வருடம் இருக்கலாம் என்பேன், அரிசி மில் முதல் ஜவுளிக்கடை வரை முப்பது நாற்பது தொழில்களின் கணக்கை அங்கே பார்த்துவிடலாம். இரண்டு வருடத்துக்கு மேல் சிஏ, சிஎம்ஏ படிக்காமல் அங்கேயே இருப்பது வீண்.

திருப்பூர் ஏற்றுமதி நிறுவனங்களில் எல்யூடி (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்யும் உறுதிமொழி), ஷிப்பிங் பில், டிராபேக் (திரும்பக் கிடைக்கும் சுங்க வரி), ஜிஎஸ்டி ரீஃபண்டு தெரிந்தவர்களுக்கு உள்ளூர் வியாபாரக் கணக்கு மட்டும் தெரிந்தவரைவிட நல்ல மதிப்பு, பல லட்சம் ரூபாய் ரீஃபண்டு ஒரு ஆளின் கவனத்தில் நிற்கிறது. சென்னை ஓஎம்ஆர் பக்கம் உள்ள வெளிநாட்டுக் கம்பெனிகளின் கணக்குப் பிரிவுகளில் தொடக்கமே கூடுதலாகக் கிடைக்கும், ஆங்கிலமும் எக்செலும் எஸ்ஏபி மென்பொருளும் கேட்பார்கள், ராத்திரி ஷிப்ட் இருக்கும். ஒன்று கவனியுங்கள். அங்கே ஒருவருக்கு பேமென்ட் வேலை மட்டும், இன்னொருவருக்கு வசூல் மட்டும் என்று துண்டு துண்டாகக் கொடுப்பார்கள், ஜிஎஸ்டி பக்கமே போக முடியாது. ஐந்து வருடம் கழித்து ஊருக்குத் திரும்பி வந்து இங்கே வேலை தேடும்போது தடுமாறியவர்களைத் தெரியும். சென்னையின் வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

8. கேட்கும் நாள், கேட்கும் விதம்

மார்ச்சில் கேட்காதீர்கள், எல்லோரும் ஓடிக்கொண்டிருப்பார்கள். செப்டம்பரிலும் டேக்ஸ் ஆடிட் நெருக்கடி. மாதத்தில் 21ஆம் தேதிக்கு மேல், 3பி போட்டு முடித்த ஒரு நாளாகப் பாருங்கள். குறைந்தது ஆறு மாதப் பதிவு கையில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் கேட்கக் கூடாது, நேரில், ஒரே ஒரு தாளோடு.

"சார், ஒரு பத்து நிமிஷம் வேணும். ஏப்ரல்ல இருந்து 3பி, டிடிஎஸ் ரெண்டையும் நான்தான் தயார் பண்றேன். ஆறு மாசமா லேட் ஃபீ ஒரு ரூபா இல்லை. 2பியில வராம இருந்த பில்லுங்களுக்கு சப்ளையர்கிட்ட பேசி 1,84,000 ரூபா வரி எடுத்திருக்கோம், லிஸ்ட் இது. என் கிராஸ் 18,000. அதை 23,000 ஆக்கித் தரணும்னு கேட்கறேன்."

இவ்வளவுதான். சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். வீட்டு வாடகை ஏறியது, தங்கச்சி கல்யாணம் என்று சொல்லத் தோன்றும், சொல்லாதீர்கள், அதைச் சொன்னால் முன்பணம் கொடுத்துவிட்டுச் சம்பளத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். பக்கத்து சீட்டுக்காரர் சம்பளத்தையும் இழுக்காதீர்கள். சதவீதத்தில் கேட்காமல் தொகையாகக் கேளுங்கள், "20 சதவீதம்" எதன் மேல் என்று அப்புறம் தகராறு வரும்.

"பார்க்கலாம்பா" என்றால் தேதி கேளுங்கள்: "எப்ப வந்து கேட்கட்டும் சார்?" முடியாது என்றால் காப்பீடு, சிஎம்ஏ தேர்வுக் கட்டணம், மாதம் இரண்டு சனிக்கிழமை விடுப்பு, இவற்றில் ஒன்றையாவது வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள். கொடுத்தால் எந்த மாதத்திலிருந்து என்பதை ஒரு மெயிலாகவாவது வாங்குங்கள்.

9. விட்டுப் போவதென்றால்

இரண்டு முறை கேட்டும் ஆறு மாதத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் வெளியே பாருங்கள். புதிய இடத்தின் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் இங்கே சொல்ல வேண்டும், அதில் கிராஸ் தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

போகும் முன் கிராஜுவிட்டி (பணிக்கொடை) கணக்கைப் போடுங்கள். கடைசி பேசிக் மற்றும் டிஏவை 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து, வருடத்தால் பெருக்க வேண்டும். பேசிக் 15,000, ஐந்து வருடம் என்றால் 43,269 ரூபாய். நான்கரை வருடத்தில் இரண்டாயிரம் கூடுதலுக்காக அவசரப்பட்டு ஓடினால் இது போய்விடும். ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லி வாதாடி வாங்குவது அலைச்சல், முடிந்தால் ஐந்தை முடித்துவிட்டே கிளம்புங்கள்.

பிஎஃப் பணத்தை எடுக்காதீர்கள், புதிய இடத்துக்கு மாற்றுங்கள். மொத்தப் பணிக்காலம் ஐந்து வருடம் ஆகாமல் எடுத்தால் வரி வரும், ஓய்வூதியத்துக்கான வருடங்களும் அறுந்துவிடும். ஒப்படைக்கும்போது கடைசி பிஆர்எஸ், நிலுவை 2பி பட்டியல், எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். டேலி பேக்கப்பைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போவது திருட்டு, ஒருநாளும் செய்யக் கூடாது.

10. சாயந்திர வேலை

ஐந்தில் முதல் மூன்று கைவந்த பிறகு மாலையில் இரண்டு மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதலாம், முதலாளிக்குத் தெரிந்து, அவருடைய போட்டியாளர் இல்லாத கடைகளாக. "மாசம் 2,000" என்று மொத்தமாக ஒத்துக்கொள்வதுதான் எல்லோரும் செய்யும் தப்பு, தீபாவளி மாதம் பில் மூன்று மடங்காகும்போது தூக்கம் போய்விடும். மாதத்துக்கு இத்தனை பில் வரை இவ்வளவு, அதற்கு மேல் ஒவ்வொரு நூறு பில்லுக்கும் இவ்வளவு என்று பேசுங்கள். பில்கள் 5ஆம் தேதிக்குள் வர வேண்டும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பி.காம் பட்டம் இருந்தால் ஜிஎஸ்டி பிராக்டிஷனராகப் பதிவு செய்து தேர்வு எழுதலாம், பிறகு உங்கள் பெயரிலேயே ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கலாம்.

சிறிய கடைக்காரர்கள் நம்பிக்கையில் தங்கள் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனையும் ஓடிபி வரும் சிம்மையும் நம்மிடமே கொடுத்துவிடுவார்கள். வாங்காதீர்கள். ஃபைல் செய்யும் நேரத்தில் அவரே போனில் ஓடிபி சொல்லட்டும், எந்த ரிட்டர்ன், எவ்வளவு வரி என்று அதற்கு முன் ஒரு செய்தி அனுப்பி "சரி" என்று பதில் வாங்கி வையுங்கள். சரக்கே வராமல் பில் மட்டும் வரும் கணக்கை எழுதச் சொல்லி இரண்டு மடங்கு பணம் தருவார்கள். அது ஜிஎஸ்டி சட்டத்தின் 132ஆம் பிரிவில் சிறைவரை போகும் குற்றம், உடந்தையாக இருந்தவரையும் சேர்த்துத்தான். அப்படி ஒரு பில்லைப் பார்த்தால் இ-வே பில்லும் லாரி வாடகை வவுச்சரும் கேளுங்கள், இரண்டும் வரவில்லை என்றால் அந்தக் கடையின் நோட்டுகளை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.